காணத் தவறாதீர்கள்!

(முன்னாள் மாணவர், மின்னணுவியல் – தொடர்பியல் துறை, 1994–97)



சென்ற மாதம் மலர்க்குழுத் தம்பிகள் இருவர் என் கடைக்கு வந்தார்கள். "அண்ணே, பேரவை மலருக்கு ஒரு கட்டுரை வேணும். நீங்க பழைய மாணவர். சாதனை மாதிரி ஏதாவது எழுதிக் குடுங்க" என்றார்கள்.

சாதனைக்கு நான் எங்கே போவேன்? பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஓர் ஒலிப்பதிவுக் கடை. ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடி, கோயில் கொடை அறிவிப்பு, ஆட்டோவில் கட்டிக்கொண்டு சுற்றும் விளம்பரம்... இவைதான் என் பிழைப்பு. "பழைய இரும்பு, ஈயம், பித்தளைக்குப் பேரீச்சம்பழம்" என்று உங்கள் தெருவில் ஒரு குரல் போனால், அது என் குரலாகக்கூட இருக்கலாம்!

ஆனால் குரலை விற்றுப் பிழைத்த இரண்டு பேரைப் பற்றி எனக்குச் சொல்லத் தெரியும். இருவருமே சினிமாவுக்கு ஆள் கூட்டியவர்கள். ஒருவர் அமெரிக்காக்காரர். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. இன்னொருவர் என் சித்தப்பா. அவருக்கு நான் செய்த காரியத்தை இதுவரை எங்கும் எழுதியதில்லை. இந்த மலரில் எழுதிவிடுகிறேன்.

சித்தப்பா எங்கள் ஊர் தியேட்டர் ஒன்றுக்கு விளம்பர வண்டியில் பேசுகிறவர். பழைய அம்பாசடர் கார். மேலே முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என இரண்டு குழாய் ஸ்பீக்கர். உள்ளே ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஒரு ஆம்ப்ளிஃபையர், கையில் மைக், மடியில் ரோஸ் கலர் நோட்டீஸ் கட்டு. படம் மாறும் நாளில் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் பதினைந்து கிராமம் சுற்றிவிட்டு, மாலைக் காட்சிக்கு மணி அடிக்கிற நேரத்தில்தான் திரும்புவார். கூலி நாற்பது ரூபாய். சாப்பாட்டுப் பேட்டா பத்து.

அவருக்குக் குரு யார் தெரியுமா? இலங்கை வானொலி! அங்கே திரைப்பட விளம்பர நிகழ்ச்சிகளை அத்தனை விறுவிறுப்பாக நடத்திய கே.எஸ். ராஜாவின் குரலைக் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர் சித்தப்பா. அந்த மனிதரைக் கொழும்பில் கொன்றுவிட்டார்கள் என்ற செய்தி வந்தபோது, சித்தப்பா வீட்டில் ரேடியோவைத் திருப்பவே இல்லை.

பள்ளி விடுமுறையில் நானும் வண்டியில் தொற்றிக்கொள்வேன். நோட்டீஸ் வீசுவது என் வேலை. பின்னால் பிள்ளைகள் புழுதியில் ஓடி வரும். அப்போது சித்தப்பா சொல்லிக் கொடுத்த பாடம் ஒன்று உண்டு.

"ஏலே, வண்டி ஒரு வீட்டக் கடக்கதுக்கு பத்து செகண்டு ஆகும். அந்தப் பத்து செகண்டுக்குள்ள படத்துப் பேரு விழணும், தியேட்டரு பேரு விழணும், ஒரு கேள்வி விழணும். கேள்விக்குப் பதிலச் சொல்லிட்டேன்னு வையி, ஒருத்தனும் டிக்கெட்டு வாங்க மாட்டான்."

கதையை அவர் ஒருநாளும் சொன்னதில்லை. "அண்ணன் செய்த சத்தியம் என்ன? தங்கை சிந்திய கண்ணீருக்குப் பதில் என்ன? விடை காண வாருங்கள்!" என்று கேள்வியோடு விட்டுவிடுவார். தீப்பெட்டி ஆபீஸ் வாசலில் மட்டும் வண்டியை இரண்டு நிமிடம் கூடுதலாக நிறுத்துவார். அதுவும் சனிக்கிழமை என்றால் ஐந்து நிமிடம். ஏன் என்று கேட்டேன். "இன்னைக்குச் சம்பளம்லா!" என்றார்.

1994-இல் நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தேன். இரண்டாம் ஆண்டில் ஒலிபெருக்கி பற்றிய பாடம் வந்தபோதுதான் சித்தப்பாவின் குரலுக்குப் பின்னால் இருந்த விஞ்ஞானம் புரிந்தது. அந்தக் குழாய் ஸ்பீக்கர், சுமார் 300, 400 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள சத்தத்தை வெளியே விடவே விடாது. கட்டைக் குரல்காரர் அதில் பேசினால் கொழகொழவென்று இருக்கும், எழுத்து புரியாது. சித்தப்பாவுக்கு வெண்கலக் குரல். ச, ற, ட எல்லாம் உளி வைத்து வெட்டினாற்போல விழும். காற்றடிக்கிற பொட்டலில் அரை மைல் தள்ளிக் களை எடுக்கும் பெண்களும் தலை நிமிர்ந்து பார்ப்பார்கள். "சித்தப்பா, ஒங்க குரலு அந்த ஸ்பீக்கருக்குன்னே செஞ்சது" என்று நான் படம் போட்டு விளக்கினேன். "அப்படியா?" என்று கேட்டுக்கொண்டு, அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

1996 தை மாதம். முந்தைய தீபாவளிக்குப் பெரிய ஊர்களில் வெளியான 'முத்து' எங்கள் ஊருக்கு அப்போதுதான் வந்தது. ரஜினி படம்! பெட்டி பஸ்ஸில் வந்து இறங்கியபோதே சூடம் காட்டித் தேங்காய் உடைத்தார்கள். மறுநாள் காலை சித்தப்பா மைக்கை எடுத்து வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. மார்கழிப் பனியில் ஒரு மாதம் ஓயாமல் கத்தியதில் தொண்டை அடைத்துப்போயிருந்தது. மிளகு, சுக்கு, வெந்நீர்... எதற்கும் மசியவில்லை. டிரைவர் என்னைப் பார்த்தார். சித்தப்பாவும் என்னைப் பார்த்தார். பேச்சு வராமல் மைக்கை என் பக்கம் நீட்டினார்.

பொங்கல் விடுமுறையில் வந்த பையன் நான். கை நடுங்கியது. ஆனால் பத்து வருடம் பக்கத்தில் உட்கார்ந்து கேட்ட பாட்டு அல்லவா? தானாக வந்தது. முதல் தெருவில் திக்கினேன். மூன்றாவது தெருவில் பிள்ளைகள் பின்னால் ஓடி வந்தார்கள். அன்று பதினைந்து கிராமமும் நான்தான். சித்தப்பா பக்கத்தில் இருந்து நோட்டீஸ் வீசினார்!

சாயங்காலம் தியேட்டர் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். "நல்லாப் பேசுனியாமே! ஒங்க காலேஜுல இதெல்லாம் டேப்புல பதியலாமாம்லா? ஒரு கேசட்டு போட்டுக் குடு. எக்கோ வச்சுக் குடு" என்றார்.

நண்பர்களே, அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையை என்ன சொல்ல! விடுமுறை முடிந்து லேபில் உட்கார்ந்து, ஒரு நண்பனின் டேப் ரெக்கார்டரை இன்னொன்றோடு இணைத்து, எக்கோ போட்டு, அறுபது நிமிட கேசட்டின் இரண்டு பக்கமும் அதே விளம்பரத்தைத் திரும்பத் திரும்பப் பதிந்தேன். ஒரு வரி மட்டும் மாற்றினால் அடுத்த படத்துக்கும் ஆகும்படி செய்தேன். மேலாளர் இருநூறு ரூபாய் கொடுத்தார். அதில் ஒரு மல்டிமீட்டர் வாங்கினேன். இன்றும் அது என் கடை மேசையில் இருக்கிறது.

பத்து நாளில் சித்தப்பாவுக்குத் தொண்டை சரியாயிற்று. வேலைக்குப் போனார். "கேசட்டு நல்லா ஓடுது அண்ணாச்சி. டிரைவரு மட்டும் போதும். தேவைப்பட்டா ஆள் விடுதேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். தேவைப்படவே இல்லை.

எனக்கு இது தெரியாது. மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனபோது சித்தப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். தெருவில் வண்டி வந்தது. என் குரல் வந்தது. சித்தி அடுப்படியில் இருந்து வெளியே வரவில்லை. எனக்குத் தலை நிமிரவில்லை. வண்டி தெருமுனை திரும்பும்வரை காது கொடுத்துக் கேட்ட சித்தப்பா சொன்னார்: "எல்லாம் சரிதான். 'காணத் தவறாதீர்கள்'ல 'ற' அழுந்தி விழணும்லே. நீ வழுக்கிட்டுப் போற. அடுத்த கேசட்டுல சரி பண்ணிக்கோ."

திட்டியிருந்தால் அன்றோடு போயிருக்கும். திட்டவில்லை. அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

டிப்ளமா முடித்து 1998-இல் சென்னைக்குப் போனேன். ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவியாளர் வேலை. வயர் சுருட்டுவது, டீ வாங்குவது, நடுவில் கொஞ்சம் கற்றுக்கொள்வது. அங்கே இருந்த என்ஜினியர் ஒருநாள் ஆங்கிலப் பட டிரெய்லர்களை வரிசையாகப் போட்டுக் காட்டினார். படம் மாறியது, கம்பெனி மாறியது. குரல் மட்டும் மாறவில்லை! கிணற்றுக்குள் இடி இறங்குகிற மாதிரி ஒரு குரல். "யார் சார் இது?" என்றேன். "டான் லாஃபான்டைன். ஹாலிவுட்டுக்கே ஒலிபெருக்கி இவர்தான்" என்றார்.

அன்றிலிருந்து அவரைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். 1940-இல் மினசோட்டா மாநிலத்தில் துலூத் என்ற ஊரில் பிறந்தவர். பதின்மூன்று வயதில், ஒரு வாக்கியம் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் குரல் உடைந்து கட்டையாயிற்றாம்! ஆனால் அவர் பேச்சாளராகப் போகவில்லை. ராணுவத்தில் சேர்ந்து, அங்கே பேண்டு வாத்தியக் குழுவுக்கு ஒலிப்பதிவு செய்யும் டெக்னீஷியன் ஆனார். ஆம், தம்பிகளே! நம்மைப் போல வயரும் டேப்பும் பிடித்த கைதான் அது. பிறகு நியூயார்க்கில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. அந்தக் காலத்தில் எடிட்டிங் என்றால் டேப்பைச் சாய்வாகப் பிளேடால் வெட்டி ஒட்டுவது. திரைப்படங்களுக்கு வானொலி விளம்பரம் தயாரிக்கும் வேலையில் இறங்கினார்.

1964-இல் 'கன்ஃபைட்டர்ஸ் ஆஃப் காசா கிராண்டே' என்று ஒரு கௌபாய் படம். விளம்பரத்துக்குப் பேச வேண்டிய கலைஞர் வரவில்லை. எம்.ஜி.எம். கம்பெனிக்கு டேப்பைக் கொடுத்தாக வேண்டும். வேறு வழியில்லாமல் லாஃபான்டைனே பேசிப் பதிந்து அனுப்பினார். கம்பெனி அதையே வாங்கிக்கொண்டது. அப்படித் தொடங்கியது அவர் குரல் வாழ்க்கை.

இதைப் படித்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்! பேச வேண்டியவர் பேச முடியாத நாள், பக்கத்தில் இருந்த டெக்னீஷியன், கைக்கு வந்த மைக்... எல்லாம் என் கதை. ஆனால் அன்று வராமல் போன அந்தக் கலைஞர் அப்புறம் என்ன ஆனார் என்று நான் படித்த எதிலும் இல்லை. என் கண் அந்த ஒரு வரியைத்தான் தேடியது.

லாஃபான்டைன் பின்னர் பாரமவுண்ட் நிறுவனத்தில் டிரெய்லர் பிரிவுக்குத் தலைவராக இருந்தார். 1981-இல் அதை விட்டு லாஸ் ஏஞ்சல்ஸுக்கு வந்தபிறகு குரலே முழு வேலை ஆயிற்று. வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட டிரெய்லர்கள்! ஒரு கூடத்தில் இருந்து இன்னொரு கூடத்துக்கு ஓட வேண்டியிருந்ததால், வண்டி நிறுத்த இடம் தேடும் நேரத்தை மிச்சப்படுத்த டிரைவரோடு ஒரு நீளக் காரை வைத்துக்கொண்டார். பிறகு வீட்டிலேயே ஒலிப்பதிவு அறை கட்டி, ஐ.எஸ்.டி.என். என்ற டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு வழியாகக் குரலை அனுப்பினார். குரல் ஊர் சுற்றியது. ஆள் வீட்டில் இருந்தார்.

"ஒரு உலகம்... அதில்..." என்று தொடங்கும் பாணி அவரால்தான் புகழ்பெற்றது. கேலி செய்பவர்கள் உண்டு. ஆனால் அதில் தொழில் இருக்கிறது. தியேட்டரில் இருப்பவன் வீட்டுக் கவலையோடு உட்கார்ந்திருக்கிறான். இரண்டரை நிமிட டிரெய்லரில் முதல் சில நொடிகளுக்குள் அவனைக் கதை நடக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். சித்தப்பாவின் பத்து செகண்டுப் பாடமும் இதுதான்!

ஒரே வித்தியாசம், கருவி. இப்படிப்பட்ட கட்டைக் குரலுக்கு மைக்கே கைகொடுக்கும். ஒருதிசை மைக்கில் வாயை நெருங்க நெருங்க அடிநாதம் கூடும். நீங்கள் லேபிலேயே சோதித்துப் பார்க்கலாம். தியேட்டர் ஸ்பீக்கரில் அது நெஞ்சுக்குள் அதிரும். லாஃபான்டைனை எங்கள் அம்பாசடரில் ஏற்றியிருந்தால் ஒரு எழுத்து புரிந்திருக்காது. சித்தப்பாவை ஹாலிவுட்டில் நிறுத்தியிருந்தால் காது கிழிந்திருக்கும். குரலில் பெரிது சிறிது இல்லை. எந்தக் குழாய் வழியாக வருகிறது என்பதுதான்.

அந்த மனிதரைப் பற்றிப் படித்ததில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. முன்பின் தெரியாதவர்கள் கேட்டால்கூட, அவர்கள் வீட்டுத் தொலைபேசியின் பதில் கருவிக்கு இலவசமாகப் பேசிப் பதிந்து கொடுத்திருக்கிறார். 2008 செப்டம்பர் 1-ஆம் தேதி, 68-ஆவது வயதில் இறந்தார். அந்தச் செய்தியை நாளிதழின் உள்பக்கத்தில் பார்த்த அன்று நான் சித்தப்பாவுக்கு போன் செய்தேன். "யாருலே அது? நம்ம தொழில்காரரா?" என்று கேட்டார்.

ஹாலிவுட்டிலும் பிறகு அந்த வேலை சுருங்கிவிட்டது. இப்போது பெரும்பாலான டிரெய்லர்களில் தனிக்குரல் கிடையாது. வசனமும் எழுத்தும் இசையுமே போதும் என்றாகிவிட்டது. எங்கள் ஊரில் அதற்கு முன்பே கேபிள் டிவி வந்து, கேசட் வண்டியும் நின்றது. தியேட்டர் கல்யாண மண்டபம் ஆயிற்று. "நீ பதியாட்டாலும் ரெண்டு வருசத்துல போயிருக்கும்லே" என்று அப்பா ஆறுதல் சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு வருடம் சித்தப்பாவுக்கு உரியது. அதை இருநூறு ரூபாய்க்கு விற்றது நான்.

சித்தப்பா பிறகு சைக்கிள் ஸ்டாண்டில் டோக்கன் போட்டார். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் குரல் வெளியே வரும். சங்கரன்கோவில் ஆடித்தபசுக் கூட்டத்தில், காணாமல் போன பிள்ளைகளைப் பற்றி மைக்கில் அறிவிப்பார். 2004-இல் நான் ஒரு சின்ன ரெக்கார்டரோடு போய்ப் பக்கத்தில் நின்று பதிந்தேன். "வெள்ளைச் சட்டை, நீலக் கால்சட்டை போட்ட நாலு வயசுப் பையன். பெயர் கேட்டால் 'ராசா' என்று மட்டும் சொல்கிறான். பெற்றோர் எங்கிருந்தாலும் உடனே வாருங்கள்..." அந்த 'ற' அழுந்தி விழுந்தது! கால் மணி நேரத்தில் தாய் அழுதுகொண்டு ஓடி வந்தாள். சித்தப்பாவின் குரலாக இன்று என்னிடம் இருப்பது அந்தப் பதினோரு நிமிடம் மட்டும்தான். 2013-இல் அவர் காலமானார்.

இனி இந்த வருடத்துக் கதை. ஓட்டல் திறக்கும் ஒரு நண்பர் கடைக்கு வந்தார். எங்கள் வயதுக்காரர். "பழைய தியேட்டர் வண்டிக் குரலு வேணும். ஒங்க சித்தப்பா குரல் ஒங்ககிட்ட இருக்காம்லா? கம்ப்யூட்டர்ல குடுத்தா அவரு பேசாததையும் பேச வைக்கலாமாம்!" என்றார். வைக்கலாம்தான். இன்றைக்கு அதற்குப் பதினோரு நிமிடம்கூட வேண்டாம். முன்பணமும் கொடுத்தார். அந்த மாதம் கடை வாடகை பாக்கி இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

இந்த முறை கேட்காமல் செய்யக்கூடாது என்று தோன்றியது. சித்தியிடம் போனேன். விஷயத்தைப் பொறுமையாக விளக்கினேன். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அவருக்குப் பேட்டா குடுப்பாகளா?"

நண்பரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார். "செத்துப்போனவருக்கு என்னய்யா பேட்டா?" என்றார். முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இதில் பெருமை ஒன்றும் இல்லை. வேறு கடையில் வேறு குரலில் வேலை முடிந்துவிட்டது. எனக்கும் வரும் ஆர்டர்கள் குறைந்துதான் வருகின்றன. வாடிக்கையாளர்கள் கைப்பேசியிலேயே எழுதிக் கொடுத்துக் குரல் வாங்கிக்கொள்கிறார்கள். 1996-இல் சித்தப்பா உட்கார்ந்திருந்த திண்ணையில் இப்போது நான்!

தம்பி தங்கைகளே! இதை ஏன் பேரவை மலரில் எழுதுகிறேன் என்றால், இது சங்கமாகச் சேர்ந்திருப்பவர்களின் மலர் என்பதால். 2023-இல் அமெரிக்க நடிகர் சங்கம் நூறு நாளுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தது. அவர்கள் வைத்த முக்கியமான கோரிக்கைகளில் ஒன்று: எங்கள் உருவத்தையும் குரலையும் கம்ப்யூட்டர் நகல் எடுப்பதானால் எங்கள் சம்மதம் வேண்டும், கூலியும் வேண்டும். என் சித்தி பள்ளிக்கூடம் தாண்டாதவர். அவர் கேட்டதும் அதே கேள்விதான்.

நீங்கள் படித்து முடித்து என்னென்னவோ செய்யப்போகிறீர்கள். மனிதன் செய்த வேலையை இயந்திரத்துக்கு மாற்றிக் கொடுப்பதுதான் நம் படிப்பு. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் அந்த வேலையை நேற்றுவரை செய்தவர் யார், அவர் எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். முடிந்தால் அவர் பேட்டாவையும் கணக்கில் எழுதுங்கள்.

ஒலிப்பதிவில் ஆர்வம் உள்ளவர்கள் எப்போது வேண்டுமானாலும் கடைக்கு வாருங்கள். மைக் பிடிக்கவும் சொல்லித் தருவேன், 'ற' அழுத்தவும் சொல்லித் தருவேன். பேருந்து நிலையத்துக்குப் பின்னால், பச்சை ஷட்டர் போட்ட கடை.

காணத் தவறாதீர்கள்!